பிணைக்குப் புள்ளிக் கணக்கு: ஏழைக்கு நீதி கிடைக்குமா?



ஒருவர்மீது குற்றம் சாட்டப்படுகிறது. வழக்கு முடிய மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை அவர் எங்கே இருக்க வேண்டும், வீட்டிலா, சிறையிலா? பல நாடுகளில் இதை முடிவு செய்வது பணம்தான். பணமோ சொத்தோ காட்ட முடிந்தவர் வெளியே வருகிறார். முடியாதவர் உள்ளேயே இருக்கிறார். இது சரியல்ல என்று கண்ட அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சில மாநிலங்கள் வேறொரு வழியை முயன்று வருகின்றன. கைதானவரின் வயது, பழைய தண்டனைகள், முன்பு நீதிமன்றத்திற்கு வராமல் இருந்த நாள்கள் போன்ற விவரங்களைக் கூட்டி அவருக்கு ஒரு புள்ளி கொடுக்கிறார்கள். அந்தப் புள்ளியைப் பார்த்து, அவரை வெளியே விடலாமா என நீதிபதி முடிவு செய்கிறார். இதற்கு 'ஆபத்து மதிப்பீடு' என்று பெயர்.

எங்கோ நடப்பதைப் பற்றி நாம் ஏன் சிந்திக்க வேண்டும்? இந்த முறையின் தொடக்க கால முயற்சி ஒன்றைச் சுட்டிக்காட்டித்தான் நம் உச்ச நீதிமன்றம் 1979இல் ஏழைக் கைதிகளுக்கு வழி திறந்தது. அப்படியிருந்தும் நம் சிறைகளில் இருப்போரில் நால்வரில் மூவர் இன்னும் தீர்ப்புப் பெறாதவர்கள். எனவே இது நம்முடைய கேள்வியும்தான்.

பணம் என்னும் அளவுகோல்

பிணை என்பது பழைய வழக்கம். திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரத்தில், தெசலோனிக்க நகரில் யாசோனும் மற்றவர்களும் பிணை கொடுத்த பிறகே விடுவிக்கப்படுகிறார்கள். அதே நூலின் 24ஆம் அதிகாரத்தில் ஆளுநர் பெலிக்சு, பவுலிடமிருந்து பணம் கிடைக்கும் என்று எதிர்பார்த்து அவரை அடிக்கடி அழைத்துப் பேசுகிறார். பணம் கிடைக்கவில்லை. தீர்ப்பும் வரவில்லை. பவுல் ஈராண்டுகள் காவலில் கிடக்கிறார். விசாரணைக் கைதியின் நிலை அன்றும் இதுதான்.

அமெரிக்காவில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. நீதிமன்றம் கேட்கும் தொகையைக் கட்ட முடியாதவர் பிணை முகவரிடம் போவார். வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, முழுத் தொகைக்கும் முகவர் பொறுப்பேற்பார். குற்றமற்றவர் என்று தீர்ப்பானாலும் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. இலாபத்துக்காகப் பிணை விற்கும் இத்தகைய தொழிலை அனுமதிக்கும் நாடுகள் அமெரிக்காவும் பிலிப்பின்சும் மட்டுமே என்று சொல்வார்கள்.

அந்தக் கட்டணமும் இல்லாதவரின் கதி என்ன? கலீஃப் பிரவுடர் என்ற கறுப்பின இளைஞரின் வாழ்வு அதற்குச் சான்று. 2010இல் 16 வயதில், ஒரு முதுகுப் பையைத் திருடியதாக நியூயார்க்கில் கைதானார். பிணைத் தொகை 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட இயலவில்லை. வழக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் மூன்று ஆண்டுகள், அதில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தனிமைச் சிறை. 2013இல் வழக்கே கைவிடப்பட்டது. வெளியே வந்தவர் 2015இல், 22 வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதில் இன்னொரு தீமையும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த ஹாரிஸ் மாவட்டத்தின் சிறு குற்ற வழக்குகளை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. வெளியே விடப்பட்ட அதேபோன்ற ஆள்களைவிட, சிறையில் வைக்கப்பட்டவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்வது 25 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது. ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றால், குற்றம் செய்யாதவரும் ஒப்புக்கொள்ளத்தானே செய்வார்?

ஒரு நல்ல கேள்வியின் தொடக்கம்

1961இல் லூயிஸ் ஷ்வைட்சர் என்ற தொழிலதிபரும் ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் என்ற இளம் பத்திரிகையாளரும் நியூயார்க்கில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். பணம் இல்லை என்பதற்காக இளைஞர்கள் மாதக்கணக்கில் சிறையில் கிடப்பதை அறிந்து ஷ்வைட்சர் அதிர்ந்து போயிருந்தார். 'மன்ஹாட்டன் பிணைத் திட்டம்' எனப்பட்ட இதில், சட்டக் கல்லூரி மாணவர்கள் கைதானவரைச் சந்தித்து எளிய கேள்விகள் கேட்டார்கள். எங்கே குடியிருக்கிறீர்கள்? எத்தனை காலமாக? குடும்பத்தோடா? என்ன வேலை? முன்பு தண்டனை பெற்றதுண்டா? விடைகளைச் சரிபார்த்துப் புள்ளி போட்டார்கள். போதிய புள்ளி பெற்றவரைப் பணமின்றி, அவருடைய சொந்த உறுதிமொழியின் பேரில் விடுவிக்கப் பரிந்துரைத்தார்கள். அப்படி விடுவிக்கப்பட்டவர்களில் வேண்டுமென்றே திரும்பி வராமல் போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இந்த அனுபவம் 1966ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் பிணைச் சட்டத்திற்கு வழிகாட்டியது.

இந்தியாவில் 1978இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. மத்தியப் பிரதேச நடுவர் ஒருவர் அவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணையாள் கேட்டார். அவருடைய சகோதரர் பிணை நிற்க முன்வந்தபோது, வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுத்துவிட்டார். நீதியரசர் கிருஷ்ண ஐயர் இதைக் கண்டித்து, தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்தார். அடுத்த ஆண்டு, ஹுசைனாரா காதூன் வழக்கில் பீகார் சிறைகளின் நிலை வெளிவந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட நீண்ட காலம் சிலர் விசாரணைக் கைதிகளாகக் கிடந்தார்கள். நீதியரசர் பகவதி தம் தீர்ப்பில் மன்ஹாட்டன் திட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஒருவர் ஊரில் எத்தனை காலம் வாழ்கிறார், வேலை என்ன, குடும்ப உறவு எப்படி, அவருக்காகப் பேசக்கூடியவர் யார் என்பவற்றைப் பார்த்து, வேரூன்றியவர் என்று கண்டால் சொந்தப் பிணையில் விடலாம் என்று வழிகாட்டினார்.

இந்தப் பழைய முறை, ஒருவரை நம்புவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்று தேடியது. இதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய முறைக்கு வருவோம்.

நியூ ஜெர்சியில் நடந்தது

1984ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவில் திசையை மாற்றியது. 'திரும்பி வருவாரா?' என்ற கேள்வியோடு 'வெளியே விட்டால் ஆபத்தா?' என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் கணினி சார்ந்த மதிப்பீடுகள் பெருகின.

அவற்றுள் பரவலாக வழக்கில் இருப்பது ஆர்னால்டு அறக்கட்டளை உருவாக்கிய 'பொதுப் பாதுகாப்பு மதிப்பீடு'. 2013இல் கென்டக்கி மாநிலத்தில் முதலில் பயன்படுத்தப்பட்டது. இதில் பார்க்கப்படுபவை ஒன்பது விவரங்கள். வயது, இப்போதைய குற்றச்சாட்டு வன்முறை சார்ந்ததா, நிலுவையில் வேறு வழக்கு உண்டா, பழைய தண்டனைகள், நீதிமன்றத்திற்கு வராத நாள்கள் ஆகியவற்றைச் சார்ந்தவை அவை. இனம், வருமானம், வேலை, வீடு எதுவும் கேட்கப்படுவதில்லை. கைதானவரிடம் பேசவேண்டிய தேவையும் இல்லை. பதிவேடுகளே போதும். திரும்பி வராமல் இருப்பதற்கு ஒன்று, புதிய குற்றத்திற்கு ஒன்று என 1 முதல் 6 வரை இரண்டு அளவுகள் கிடைக்கும். வன்முறைக்கு வாய்ப்புண்டா என்பதற்குத் தனி எச்சரிக்கைக் குறி.

நியூ ஜெர்சியில் 2013இல் செய்த ஆய்வு, சிறையில் இருந்தவர்களில் சுமார் 12 விழுக்காட்டினர் 2,500 டாலர் அல்லது அதற்கும் குறைவான தொகையைக் கட்ட முடியாமல் இருப்பதைக் கண்டது. 2014இல் மக்கள் வாக்களித்து மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தினர். 2017 சனவரி 1 முதல் பணப் பிணை ஏறக்குறைய மறைந்தது. ஒருவரை அடைத்து வைக்க வேண்டுமானால் அரசு வழக்கறிஞர் மனுச் செய்ய வேண்டும். கைதானவருக்கு வழக்கறிஞர் இருக்க வேண்டும். விசாரணை நடக்க வேண்டும். 2015 இறுதிக்கும் 2018 இறுதிக்கும் இடையில் தீர்ப்புப் பெறாத கைதிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 44 விழுக்காடு குறைந்தது. நீதிமன்றத்திற்கு வருவோரின் விகிதம் பெரிதாக மாறவில்லை. துப்பாக்கி வன்முறை இதனால் கூடவில்லை என்று 2024இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆயிரக்கணக்கானோர் வீட்டில் இருந்தபடியே வழக்கை எதிர்கொண்டார்கள். வேலையைக் காத்துக்கொண்டார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். இந்த நன்மையை யாரும் மறுக்கக் கூடாது. ஆனால் சிறையில் இருந்தவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு மட்டும் முன்போலவே பாதிக்கு மேல் நீடித்தது.

எண்களுக்குள் மறைந்திருப்பவை

2016இல் 'புரோபப்ளிக்கா' என்ற செய்தி நிறுவனம் புளோரிடாவின் பிரவர்டு மாவட்டத்தில் 'காம்பாஸ்' என்ற மற்றொரு மதிப்பீட்டை ஆராய்ந்தது. ஈராண்டுகளில் மீண்டும் குற்றம் புரியாதவர்களில், 'ஆபத்தானவர்' என்று தவறாகக் குறிக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஏறக்குறைய 45 விழுக்காடு. வெள்ளையினத்தவர் சுமார் 23 விழுக்காடு. கருவியை உருவாக்கிய நிறுவனம் மறுப்புச் சொன்னது. ஒரே புள்ளி பெற்ற கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மீண்டும் கைதாகிறார்கள், எனவே கருவி நேர்மையானது என்றது.

யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரி என்பதுதான் இதிலுள்ள சிக்கல். பதிவேட்டின்படி இரு பிரிவினரின் கைது விகிதம் வேறுபட்டிருக்கும்போது, இந்த இரு வகை நேர்மையையும் ஒரே கருவியில் ஒருசேரக் கொண்டுவர முடியாது என்று கணித அறிஞர்கள் பின்னர் மெய்ப்பித்தார்கள். எந்த நேர்மை வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்ய முடியாது. மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பதிவேடு என்பது குற்றங்களின் பதிவு அல்ல, கைதுகளின் பதிவு. காவல்துறை எந்தத் தெருவில் அதிகம் சுற்றுகிறதோ அந்தத் தெருவின் இளைஞர்களுக்குப் பதிவுகள் அதிகம். நம் நாட்டிலும் இதைக் காணலாம். காவல் நிலையத்தின் பழைய பட்டியலில் எந்தச் சமூகத்தாரின் பெயர்கள் அதிகம் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அடுத்து, புள்ளி என்பது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. 'இப்படிப்பட்ட நூறு பேரில் இத்தனை பேர்' என்றுதான் அது சொல்கிறது. நீதிபதியின் முன் நிற்பவர் அந்த நூறு பேரில் யார் என்று அது சொல்வதில்லை. வன்முறை எச்சரிக்கைக் குறி பெற்றவர்களிலும் பெரும்பாலோர் வழக்குக் காலத்தில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவதில்லை. அப்படியானால், சிலர் செய்யக்கூடியதற்காகப் பலரை அடைத்து வைக்கிறோம். 23 வயதுக்குக் குறைந்தவர் என்றாலே புள்ளி கூடுகிறது. இளமை ஒரு குற்றமா?

கருவி இருந்தாலும் கை மனிதருடையது என்பதையும் கென்டக்கி காட்டியது. மதிப்பீட்டைப் பார்ப்பது அங்கே 2011இல் கட்டாயமாக்கப்பட்டது. தொடக்கத்தில் சற்று மாற்றம் தெரிந்தது. சில ஆண்டுகளில் நீதிபதிகள் பழைய பழக்கத்திற்கே திரும்பினார்கள். ஒரே புள்ளி பெற்றிருந்தும், வெள்ளையினத்தவரைவிடக் கறுப்பினத்தவருக்குப் பரிந்துரையை மீறிப் பணப் பிணை கேட்கப்பட்டது அதிகம் என்று ஓர் ஆய்வு கண்டது.

வராதவர் எல்லாரும் ஓடிப்போனவரா?

முன்பு நீதிமன்றத்திற்கு வராமல் இருந்தது புள்ளியைக் கூட்டுகிறது. ஆனால் ஏன் வரவில்லை? தேதி மறந்திருக்கலாம். பேருந்துக்குக் காசு இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் கூலியை இழக்க முடியாமல் இருந்திருக்கலாம். நியூயார்க் நகரில் அழைப்பாணைப் படிவத்தை எளிமையாக்கி, வாய்தா தேதியைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் நினைவூட்டிப் பார்த்தார்கள். குறுஞ்செய்தியால் மட்டுமே வராதவர்களின் அளவு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஓடிப்போகிறவருக்குக் குறுஞ்செய்தி எதற்கு? அவர்களில் பலர் ஓடிப்போகிறவர்கள் அல்லர் என்பதையே இது காட்டுகிறது.

இத்தகைய காரணங்களால், இந்த மதிப்பீடுகளை முன்பு பரப்பிவந்த 'வழக்குக்கு முந்தைய நீதி நிறுவனம்' என்ற அமைப்பே 2020இல் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் கலிபோர்னியாவில், பணப் பிணைக்குப் பதிலாக மதிப்பீட்டைக் கொண்டுவரும் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தனர். இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் பணப் பிணையை அடியோடு நீக்கியது. 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப், பணமில்லாப் பிணைக்கு எதிரான ஆணைகளில் கையெழுத்திட்டார். விவாதம் இன்னும் முடியவில்லை.

பாதிக்கப்பட்டவரை மறக்கலாமா?

இவ்விடத்தில் ஒரு நேர்மையான கேள்வி எழும். அடித்து உதைத்த கணவர் பிணையில் வெளியே வந்தால் அந்த மனைவியின் நிலை என்ன? சாட்சி சொன்னவருக்குப் பாதுகாப்பு யார்? இந்த அச்சம் உண்மையானது. ஆனால் பணப் பிணை இந்தப் பெண்ணைக் காப்பதில்லை. கணவருக்கு வசதி இருந்தால் அன்று மாலையே வெளியே வந்துவிடுவார். உண்மையான ஆபத்து இருக்குமானால், அதைத் திறந்த நீதிமன்றத்தில், சான்றுகளோடு, இருதரப்பு வழக்கறிஞர்களையும் கேட்டு, காரணத்தை எழுதி முடிவு செய்வதே முறை. நியூ ஜெர்சி சட்டத்தின் சிறந்த பகுதி அதன் புள்ளிக் கணக்கு அல்ல, இந்த விசாரணைதான் என்பது என் கருத்து.

நம் நாட்டு நிலை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர், அதாவது ஏறத்தாழ 76 விழுக்காடு. தலித்துகள், பழங்குடியினர், இஸ்லாமியர் ஆகியோரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் பலர். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அதில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று நம் நீதிமன்றங்களில் நிபந்தனை வருவது வழக்கம். குடும்ப அட்டை, வீட்டு வரி இரசீது, சொத்து மதிப்புச் சான்று ஆகியவற்றுக்காகக் குடும்பத்தார் அலைவதைப் பங்குப் பணியில் இருப்பவர்கள் அறிவோம். வாடகை வீட்டில் இருப்பவர் எந்த வீட்டு வரி இரசீதைக் காட்டுவார்? வடமாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிக்கு இரத்த உறவு இங்கே எங்கே இருக்கும்? மோதி ராமின் சகோதரருக்கு நேர்ந்ததே இன்றும் நேர்கிறது.

சில நல்ல மாற்றங்களும் வந்துள்ளன. ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளிவராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அதே ஆண்டு, பிணைத் தொகை கட்ட இயலாத ஏழை விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவும் திட்டத்தை நடுவண் அரசு கொண்டுவந்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் விடுவிக்கச் சொல்கிறது. மற்றவர்களுக்குப் பாதிக் காலம். ஆனால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களும் இதில் வரமாட்டார்கள்.

அருட்தந்தை ஸ்டேன் சுவாமியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு அவர். ஜார்க்கண்டின் பழங்குடி விசாரணைக் கைதிகளைப் பற்றி ஆய்வு செய்து, அவர்களுக்காக நீதிமன்றத்தை நாடியவர். 2020 அக்டோபரில் 83 வயதில், நடுக்குவாத நோயோடு, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கைதானார். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தோன்றினாலே பிணை மறுக்கச் சொல்வது அச்சட்டம். இந்த முதியவர் ஓடிப்போவாரா, யாருக்கேனும் ஆபத்தா என்ற கேள்விக்கு அங்கே இடமே குறைவு. 2021 சூலை 5 அன்று, பிணை மனு நிலுவையில் இருக்க, மும்பை மருத்துவமனையில் விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

கணினியும் நம் நீதிமன்ற வாசலுக்கு வந்துவிட்டது. 2023 மார்ச்சில் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றத்தில் ஒரு பிணை மனுவை விசாரித்த நீதிபதி, பிணை பற்றிய பொதுவான கருத்தைச் 'சாட்ஜிபிடி'யிடம் கேட்டுத் தம் ஆணையில் குறிப்பிட்டார். வழக்கின் தகுதியைப் பற்றி அதனிடம் கேட்கவில்லை என்றும் தெளிவுபடுத்தினார். கேரள உயர் நீதிமன்றம் 2025 சூலையில், முடிவெடுக்கவோ தீர்ப்பு எழுதவோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று மாவட்ட நீதிமன்றங்களுக்கு நெறிமுறை வகுத்தது. புள்ளி போடும் கருவி நாளை இங்கும் வரலாம். வந்தால் நாம் கேட்க வேண்டியவை உண்டு. எந்தப் பதிவேட்டைக் கொண்டு கணக்கிடுகிறீர்கள்? கைதானவர் தம் புள்ளியைப் பார்த்து மறுக்க முடியுமா? புள்ளி அதிகமானால் கிடைப்பது சிறையா, உதவியா?

நாம் செய்யக்கூடியவை

2014 அக்டோபரில் பன்னாட்டுக் குற்றவியல் சட்ட அறிஞர்களைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், தவறாகப் பயன்படுத்தப்படும் விசாரணைக் காவல், தீர்ப்புக்கு முன்பே வழங்கப்படும் மறைமுகத் தண்டனையாகிறது என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை நம் பங்குகளுக்கும் உரியது.

முதலில், கைதானவரைக் குற்றவாளி என்று அழைப்பதை நிறுத்துவோம். செய்தித்தாளில் படம் வந்துவிட்டதால் எவரும் குற்றவாளி ஆவதில்லை.

இரண்டாவதாக, நம் அன்பியங்களில் ஒரு குடும்பத்துக்கு இந்த நிலை வந்தால் விலகிப்போகாமல் உடன் நிற்போம். இலவச சட்ட உதவிக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தைப் பற்றி அந்தக் குடும்பத்துக்குச் சொல்வோம். பலருக்கு இது தெரியாது.

மூன்றாவதாக, இயன்றவர்கள் யாசோனைப் போலப் பிணை நிற்க முன்வரலாம். அவர் வராமல் போனால் பொறுப்பு நம்முடையது என்பதை அறிந்தே செய்ய வேண்டும். எனவே பிணை நிற்பதோடு முடியாமல், வாய்தா தேதியை நினைவூட்டி, தேவையானால் பேருந்துச் செலவும் கொடுத்து, நீதிமன்றம் வரை உடன் செல்வோம்.

நான்காவதாக, வெளியே வந்தவருக்கு வேலை தர நம்மில் தொழில் செய்பவர்கள் தயங்காதிருப்பார்களாக. ஊரில் வேர் உள்ளவரா என்றுதான் 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பு பார்க்கச் சொன்னது. வீடும் வேலையும் தெரிந்த மனிதர்களும் சேர்ந்ததுதான் அந்த வேர். அதை ஒருவருக்குக் கொடுப்பது நீதிமன்றத்தால் ஆகாது, கணினியாலும் ஆகாது. பக்கத்தில் வாழும் நம்மால் ஆகும்.